ஐந்து வெற்றிக்கு ஓர் அழைப்பு

வின்லாக், ஒஹாயோ
நவம்பர் 27, புதன்கிழமை

அன்புள்ள வெண்டல்,

இங்கே நானும் நம் பையன் எம்மெட்டும் இருக்கிறோம். நீயும் உன் கப்பல் சமையற்கட்டும் நலமாக இருக்க வேண்டும். கப்பல் டெட்ராய்ட் ஆற்றுக்குள் வரும்போது தபால் படகு இதை உன்னிடம் சேர்த்துவிடும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ எதையும் சிரித்து ஒதுக்கிவிடுகிறாய், நானும் பாதியில் விட்டுவிடுகிறேன்.

நம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி நேற்று கடைசி ஆட்டத்திலும் தோற்றது உனக்கு எட்டியிருக்கும். ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. ஆறாவது கிடைத்திருந்தால் டிசம்பரில், தேறிய அணிகளை மட்டும் கூப்பிட்டு நடத்தும் பவுல் ஆட்டம் ஏதாவது ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கும். மழையும் பனியுமாகக் கொட்டியதில் நானும் உன் அண்ணன் கஸ்ஸும் ஒரே தார்ப்பாய்க்குள் ஒண்டிக்கொண்டிருந்தோம். கடைசி உதை கம்பத்துக்கு வெளியே போனதும் அவர் எழுந்து நின்று, "அது காலா, வெண்ணெய்க் கட்டியாடா?" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் கணக்கு என்ன சொல்லிச்சு, வாத்தியாரம்மா?" என்று கேட்டார். நமக்கு நூற்றுக்கு நாற்பதுதான் என்றேன். "புள்ளியியல் படிச்சவங்கள பக்கத்துல உக்கார வெச்சா இப்படித்தான் விளங்கும்" என்றார். அவருடைய டயர் கடைப் பலகையில், யார் யாரோடு எந்த ஊரில் மோதுவார்கள் என்று செப்டம்பரிலிருந்து எழுதி அழித்துக்கொண்டிருப்பாரே, அதில் இன்று காலை நம் பெயரை அழித்துவிட்டார். வாடிக்கையாளர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்களாம்.

எனக்கு மட்டும் நிம்மதி. அதன் காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் நடுவில் நடந்த ஆட்டத்தில் எம்மெட் ஒருவனை மோதி வீழ்த்தியபோது தலை முதலில் பட்டது. எழுந்து இரண்டடி தவறாக எதிரணிப் பக்கம் நடந்தான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டியைக் காட்டி, "அம்மா, அந்த... அத எடேன்" என்றான். வார்த்தை வரவில்லை. மைதான விளக்கு வெளிச்சத்தில் இடது கண் மங்குகிறது என்று பிறகு ஒப்புக்கொண்டான். மருத்துவரிடம் போகலாம் என்றதற்கு, "போனா உக்கார வெச்சிடுவாங்கம்மா. சீசன் முடியட்டும். அப்பாவுக்குக் கெடைக்காத பவுலுக்கு நான் போயிடறேன், அப்பறம் எந்த டாக்டர்கிட்ட வேணா வரேன்" என்றான். இருபத்திரண்டு வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போக முடியாது. கடைசி ஆட்டம் வரை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். யாரிடமும் என்பதில் நீயும் அடக்கம்.

அந்தக் கடைசி ஆட்டம் நேற்று முடிந்தது. அடுத்த வியாழனன்று கிளீவ்லாந்தில் நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வருவதாகச் சொல்லிவிட்டான்.

உன் கடிதம் வந்தது. ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் இருந்தன, இரண்டிலும் ஒரே செய்தி. கப்பலில் நேரம் போகவில்லை போலிருக்கிறது என்று கஸ் கிண்டல் செய்தார். நான் இரண்டையும் படித்தேன். தலைவலி மாத்திரை தீர்ந்திருந்தால் எழுது.

என்றும் உன்,
கொரின்


டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வெண்டல்,

முந்தைய கடிதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினேன். தவறாக எழுதிவிட்டேன்.

நாடு முழுக்க நடக்கும் பவுல் ஆட்டங்களில் எண்பத்திரண்டு அணிகளுக்கு இடம் இருக்கிறது. ஆறு வெற்றி பெற்ற அணிகள் அத்தனை தேறாவிட்டால், மீதி இடங்களை ஐந்து வெற்றி பெற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். அதற்குத் தகுதி ஆட்டத்தில் இல்லை, படிப்பில். எந்த அணிப் பையன்கள் தேர்ச்சி பெற்றுப் படிப்பைத் தொடர்கிறார்களோ அந்த அணிக்கு முதல் அழைப்பு. நேற்றைய ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து எண்ணினேன். மூன்று இடம் காலி. படிப்பு வரிசையில் நாம் இரண்டாவது.

ஏன் இரண்டாவது என்பது உனக்குத் தெரியும். ஆறு வருஷமாகச் செவ்வாய், வியாழன் மாலைகளில் அந்தத் தடிப்பயல்களை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

மத்தியானம் கஸ், அண்ணி செய்த பூசணி இனிப்போடு வந்தார். பலகையில் எழுபத்தொன்பது பெயர் எழுதியாயிற்று, மிச்சத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, எங்கேயோ எண்ணிக்கை உதைக்கிறது என்று புலம்பினார். தொலைக்காட்சியில் கணிப்புச் சொல்கிறவர்களும் அதற்குள் இந்த விதியைக் கவனித்திருக்கவில்லை. நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. நான் சொல்லாததால் அது நடக்காமல் போகுமா என்ன? இத்தனை படித்தும் அப்படித்தான் நினைத்தேன் போலிருக்கிறது.

மாலை எம்மெட் போன் செய்தான். பின்னால் முப்பது பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, நாம உள்ள வந்துட்டோம்! உன்னாலதாம்மா! கோச் சொல்றாரு, உனக்குச் சிலை வெக்கணுமாம்!" என்றான். வியாழக்கிழமை மருத்துவரிடம் போவது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அத ஜனவரிக்கு மாத்திட்டேன்" என்றான். சீசன் முடியவில்லையாம், அதனால் என் வாக்கும் முடியவில்லையாம். வாதத்தில் ஓட்டை இல்லை.

கஸ் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறார். உன் பெயரையும் சொல்லிக் கத்துகிறார். நீ ஆடிய வருஷம் ஆறு வெற்றி இருந்தும் யாரும் அழைக்காததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கொரின்


டிசம்பர் 11, புதன்கிழமை

அன்புள்ள வெண்டல்,

நீ கப்பலிலிருந்து அனுப்பிய வாழ்த்தை எம்மெட் தன் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறான். லீவு வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்.

மெத்தை செய்கிற ஒரு கம்பெனியின் பெயரில் நடக்கும் பவுல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அலபாமா கடற்கரையில், இருபத்தொன்றாம் தேதி. எதிரணி டெக்சஸ்காரர்கள். கஸ் மூன்று மாதமாக எழுதியதில் ஒரு ஜோடிகூடச் சரியாக வரவில்லை. அவருக்கு அதில் வெட்கமும் இல்லை. நான்கு டயர் வாங்கினால் தலையணை இலவசம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

நம் அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற டெரெல் ஆடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டான். வசந்தத்தில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது காலோடு இருக்க வேண்டுமாம். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவன் செய்யலாம், நீ செய்யக்கூடாதா என்று எம்மெட்டைக் கேட்டேன். "அவனுக்கு எதிர்ல கோடி கோடியா இருக்கும்மா. எனக்கு இருக்கறது இந்த ஒரு ஆட்டம்" என்றான்.

விமானப் பயணத்துக்குப் போட வேண்டிய கோட்டை எடுக்க ஞாயிறன்று வந்தான். கண்ணாடி முன்னால் டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பதினான்கு வயதில் நீ சொல்லிக்கொடுத்த முடிச்சு. "அம்மா, இத நீயே கட்டிவிடேன், கை அழுக்கா இருக்கு" என்றான். கை அழுக்காக இல்லை. கட்டிவிட்டேன். கழுத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவன் பயந்திருந்தான்.

திங்களன்று காலை அணி மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போவதற்கு முன் எம்மெட்டிடமும் சொன்னேன். "வாக்குக் குடுத்தியேம்மா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மருத்துவர் அன்றைக்கே பரிசோதித்தார். சொற்களைத் திருப்பிச் சொல்வது, வெளிச்சம் வந்ததும் பொத்தானை அழுத்துவது, அப்படி ஒரு சோதனை. ஆகஸ்டில், ஒரு மோதலும் நடக்கும் முன்பு, எல்லாருக்கும் ஒரு முறை வைப்பார்கள். பிறகு அடிபட்டால் அதோடு ஒப்பிடுவார்கள். எம்மெட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. தேறிவிட்டான். மருத்துவர் என்னிடம் அந்தத் தாளைக் காட்டியபோது நான் ஆகஸ்ட் எண்ணைத்தான் பார்த்தேன். என் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன், எட்டுச் சொற்களில் மூன்றைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறான். வேண்டுமென்றே மோசமாக எழுதியிருக்கிறான், வெண்டல். பையன்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். டெரெல் என்னிடம் ஏதோ சமையல் குறிப்புச் சொல்வது போலச் சொன்னான்: "ஆகஸ்ட்ல முட்டாளா இருந்துட்டா, அக்டோபர்ல யாராலயும் கண்டுபுடிக்க முடியாது மேடம்." தலை நன்றாக இருந்தபோது அதை மறைத்தான், இப்போது அந்தத் தாளைக் காட்டியே தப்பிக்கிறான்.

மருத்துவர் மோசமானவர் அல்ல. தாளில் குற்றமில்லை, அவனும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, அவனே வாய் திறந்து சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுகிறேன் என்றார். செவ்வாயன்று காலை அணி புறப்படுகிறது. அதுவரை நேரம் தந்திருக்கிறார்.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. கஸ் நேற்று வந்து வாசலிலேயே நின்றார். "ஒரு ஆட்டம், கொரின். முப்பது வருஷமா காத்திருக்கற ஊரு. ஒரே ஒண்ணு விட்டுக் குடுக்கக்கூடாதா?" என்றார். வாத்தியாரம்மா என்று கூப்பிடவில்லை. அந்த ஒன்றில் என்ன நடக்கும் என்று கேட்டால் என்னிடம் எண் இல்லை. நன்றாகவே ஆடி முடித்துத் திரும்பி வரலாம். வரத்தான் வாய்ப்பு அதிகம். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

என்னோடு அவன் பேசுவதில்லை. உன்னோடு பேசுவான். சனிக்கிழமை இந்தக் கடிதம் உனக்குப் படகில் கிடைக்கும். ஞாயிறன்று கிளீவ்லாந்தில் நீங்கள் சரக்கு இறக்கும்போது துறைமுகத்துக்கு அவன் வருவான். நான் வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் நீங்கள் இருவரும் எதிரணியைப் பற்றியே பேசி முடித்துவிடுவீர்கள்.

அவன் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "நீயா இருந்தா ஆடியிருப்பியாப்பா?" ஆடியிருப்பாய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையில் நீ அப்படி எத்தனையோ முறை ஆடியவன்தான். அந்தப் பதிலோடு நிறுத்திவிடாதே.

கோடையில் தனியாகக் கிளீவ்லாந்து போய்விட்டு, பல் மருத்துவரிடம் போனேன் என்றாயே, அங்கே உன் தலையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன். நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவனுக்குச் சொல், வெண்டல். சிரிக்காமல் சொல். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அவன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திரு. அவன் புத்திசாலி. ஆகஸ்டில் எழுதிய தாளை நம்பாதே.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

கொரின்