பைபாஸ் ஓட்டலில் குடித்த டீ

தாமல்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், கொட்டகையில் இருக்கும் இரண்டு பசுக்களும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே லீட்ஸில் நீயும் சத்யராஜும் குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வரதராஜரை வேண்டிக்கொள்கிறேன். உன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. இத்தனை நாளும் போனில்கூட "அந்தப் பிள்ளை" என்றுதான் சொல்லிவந்தேன், பெயரைச் சொன்னால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவாரே என்று. இனி அந்தப் பயம் இல்லை. ஏன் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாக வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

சனிக்கிழமை போனில் ஓட்டலுக்கு டீ குடிக்கப் போய் வந்தோம், இவ்வளவு ஆயிற்று என்று சொன்னதும் நீ சிரித்தாய். "ஒரு டீக்குப் போயி இவ்ளோ காசாம்மா, இங்க எங்களுக்கே அது பர்த்டேன்னாதான், வொர்த்தா அது" என்று கேட்டாய். அப்போது அப்பா பக்கத்துக் கட்டிலில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். அதனால் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. பால் கறக்கும்போதும் அதே நினைப்பு, மாடே திரும்பிப் பார்க்கிறது. பருப்புப்பொடி பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முன்னால், சத்யராஜைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை, என்னோடும் பாதிப் பேச்சுதான். "அவங்க வீட்டுப் படியை நான் ஏறமாட்டேன், அவங்க இந்தப் படியை ஏறவும் வேணாம், அவ்ளோதான்" என்று சொல்லி முடித்துவிட்டார். பொங்கலுக்கு வந்த அவர் அக்கா, உன் பூவம்மாள் அத்தை, ஊர் என்ன சொல்லும், நாளைக்கு யார் நம்ம வீட்டுக்கு வருவார்கள் என்று தூபம் போட்டுவிட்டுப் போனாள். நானும் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது. நீ கொடுத்த நம்பரில் சத்யராஜுடைய அம்மா எல்லம்மாளைக் கூப்பிட்டேன். அவர்கள் எடுத்த எடுப்பில், "வாங்கக்கா, ஓரிக்கைதானே, இங்க நம்ம வூட்டுக்கே வாங்க" என்றார்கள். பிறகு அவர்களே கொஞ்சம் நிறுத்தி, "இல்லக்கா, இங்க வந்தா அண்ணன் சங்கடப்படுவாரு. நாங்க அங்க வந்தா தெருவே சங்கடப்படும். இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்கள். குரலில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்போதுதான் பைபாஸில் பொன்னேரிக்கரைப் பக்கம் திறந்திருக்கும் புது ஓட்டல் ஞாபகம் வந்தது. வாசலில் ஒரு பெரிய தட்டி வைத்திருக்கிறார்கள், நீ உன் பிறந்தநாளுக்குப் போட்டோ அனுப்பினாயே, அதேபோல மூன்று அடுக்குத் தட்டும் கிண்ணங்களும் படம் போட்டு, சாயங்கால டீ என்று எழுதி. நான் அப்பாவிடம் போய், ஏங்க, ஓட்டல் அவங்க வீடும் இல்லை, நம்ம வீடும் இல்லை, யார் படியையும் யாரும் ஏற வேண்டாம் என்றேன். "இன்னாமே, டீ குடிக்க அவ்ளோ தூரம் போவணுமா, நம்ம வூட்ல பாலு இல்லியா" என்றார். மறுநாள் வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே, "அந்த ஓட்டல்ல காரு நிறுத்த எடம் இருக்குதா" என்று கேட்டார். எனக்குக் கையிலிருந்த சொம்பு நழுவிவிட்டது.

செலவு என்னுடையது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொசைட்டியில் வரும் என் பால் காசு. யார் கொடுப்பது என்று இரண்டு ஆம்பிளைகளும் அங்கே முறைத்துக்கொள்ளக் கூடாது பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, அதைக் கழற்றி, கட்டம் போட்ட சட்டை போட்டு, மறுபடியும் வெள்ளையே போட்டுக்கொண்டார். எனக்குள்ளே ஒரே ஒரு பயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்யராஜுடைய அப்பா இளங்கோவனைப் பார்த்ததும் இவர் "வாப்பா" என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது. அவர்கள் ஆட்களை, எத்தனை வயதானவரானாலும், நம் தெருவில் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம், அது உனக்கும் தெரியும். அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அவர் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டி, இப்போது சொந்தமாக இரண்டு வேன் வைத்திருப்பவர், உயரமான மனிதர், மீசை மட்டும் நரைத்திருக்கிறது. எல்லம்மாள் அரக்கு நிறத்தில் பட்டு கட்டியிருந்தார்கள், அங்கன்வாடி டீச்சர் என்று பார்த்ததும் தெரிந்துவிடும், நாம் பேசுவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். அப்பா காரைப் பூட்டிவிட்டு, அது பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து போய், "வாங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்த ஓட்டல்காரன் கேட்டதைக் கொடுத்திருப்பேன் ஜெயா.

உள்ளே ஏசி, வெள்ளைத் துணி விரித்த மேஜை. விலைப் பட்டியலைப் பார்த்த அப்பா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, "ஒரு ஆளுக்கு இதாமே, ஒரு மூட்டை டி.ஏ.பி. உரம் வாங்கலாம்" என்றார். மெதுவாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அந்த அடுக்குத் தட்டு வந்தது. கீழ்த்தட்டில் வெள்ளரிக்காய் வைத்த துண்டு ரொட்டி, நடுவில் பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவாக ஒன்று, மேலே விரல் நுனி அளவு கேக். நம் கோயில் இட்லியையும் பொத்தான் பொத்தானாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி குத்தி வைத்திருந்தார்கள். எதை முதலில் எடுப்பது, கையால் எடுப்பதா, முள்கரண்டியாலா, எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அப்பா கிண்ணத்திலிருந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "டீத்தூளைத் தண்ணிக்குக் காட்டிட்டு எடுத்துட்டானா" என்றார். முதலில் சிரித்தது எல்லம்மாள்தான், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள், பிறகு நான், பிறகு இளங்கோவன். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அந்தக் குச்சி இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், குச்சியோடு. அதற்குப் பிறகு மேஜையில் எல்லோருக்கும் கை வந்துவிட்டது.

ஏரித் தண்ணீர், இந்த வருஷ மழை, வேன் டீசல் என்று பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இளங்கோவன், "தாமல் எனக்கு நல்லாத் தெரியும்ணே, சின்னதுல எங்கப்பாகூட ஏரிக்கரை வேலைக்கு வந்திருக்கேன்" என்றார். எங்கே டீ குடிப்பீர்கள் என்று அப்பா ஏதோ பேச்சுக்குத்தான் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "பஸ் ஸ்டாப்பாண்ட ஒரு கடை இருந்துது. எங்கப்பாவுக்கு உள்ள ஒக்கார எடம் கெடையாது. வெளிய கொட்டாங்குச்சியில ஊத்துவாங்க, அவரு குடிச்சிட்டு எனக்குப் பாதி தருவாரு. நல்ல டீதான் அது, இஞ்சி போட்டது" என்றார். குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எல்லம்மாள் மட்டும் அவர் முழங்கை மேல் கை வைத்தார்கள். எழுந்து போய்விடுவாரோ என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் மேஜைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது எங்க பெரியப்பா கட" என்றார். பரிமாறுகிற பெண் வந்து டீ ஜாடியை எடுக்கப் போனாள். அப்பா அவளை, "நீ இரும்மா" என்று நிறுத்தினார். தானே அந்த ஜாடியைத் தூக்கி இளங்கோவன் கிண்ணத்தில் ஊற்றினார். மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, அது கழன்று விழுந்து வெள்ளைத் துணி எல்லாம் டீ. இளங்கோவன் உடனே தன் கைக்குட்டையைப் போட்டு ஒற்றினார், அப்பாவும் தன் துண்டால் ஒற்றினார், இரண்டு பேர் கையும் அந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தது. எல்லம்மாளும் நானும் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான், இதை எழுதும்போதும் எனக்குக் கண் மறைக்கிறது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே, இனிமேல்தான் இருக்கிறது. வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று விடைபெறும் நேரம். இளங்கோவன் கைகூப்பினார். அப்பா சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே, எல்லம்மாளைப் பார்த்து, "ஏம்மா, இவ்ளோ காசு குடுத்தும் நாக்குல ஒண்ணுமே ஒட்டலை. உங்க வூட்ல ஒரு டீ போட்டுத் தருவீங்களா" என்றார். யார் வீட்டுப் படியை ஏறமாட்டேன் என்றாரோ, அந்த மனிதர். எல்லம்மாள், "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறிவிட்டார்கள். தாமலுக்கு நேராகப் போக வேண்டிய எங்கள் கார் இடது பக்கம் திரும்பிக் காஞ்சிபுரத்துக்குள் போனது. ஓரிக்கையில் அவர்கள் வீடு சின்ன மாடி வீடு, வாசலில் செம்பருத்தி. அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். எல்லம்மாள் இஞ்சியைத் தட்டிப் போட்டு, பால் பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள். அப்பா மடமடவென்று குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் இருக்குமா என்று கேட்டார்.

சத்யராஜுடைய தங்கை சிம்ரன் அப்போதுதான் காலேஜிலிருந்து வந்தாள். நல்ல துடிப்பான பெண். கேட்காமலே போனை எடுத்து அப்பா கையில் கொடுத்து, "இது போன வாரம் அண்ணியும் அண்ணனும் எடுத்து அனுப்புனது, பாருங்க மாமா" என்றாள். நீ பனியில் நின்று சிரிக்கிற படம். தீபாவளியிலிருந்து உன் முகத்தையே பார்க்காத மனிதர் அந்தப் போனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "எளைச்சிட்டா" என்று மட்டும் சொன்னார். பிறகு உன் பக்கத்தில் நிற்கிறவரைக் காட்டி, "இவரு நல்லாச் சாப்புடுவாரா" என்று எல்லம்மாளிடம் கேட்டார். அவர்கள் நன்றாகச் சாப்பிடுவான், சமைக்கவும் செய்வான் என்றார்கள். அப்போ சரி என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். விஷயம் கேள்விப்பட்டு பூவம்மாள் அத்தை நேற்று வந்து வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவுக்கு அது வலிக்கிறது, ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் பார்த்தும் பாராமல் போகிறார்கள். போகட்டும், அதையும் பார்த்துக்கொள்ளலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள், அப்பாவே கூப்பிட்டிருக்கிறார், வாசல் வழியாகத்தான் வருவார்கள், பட்டப்பகலில். எனக்கு இப்போதே எதைச் சமைப்பது, எதை விடுவது என்று தலை சுற்றுகிறது. ஆகையால் மகளே, அந்த டீ செலவுக்குத் தகுந்ததா என்று யாராவது உன்னைக் கேட்டால், டீ தகாது, போனது தகும் என்று எங்கம்மா சொன்னாள் என்று சொல்.

நீ தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. ராத்திரி சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே. எல்லம்மாளை வாரம் ஒருமுறை கூப்பிட்டு வாய் நிறைய அத்தை என்று பேசு, அவர்கள் உன் குரலுக்கு ஏங்குகிறார்கள். ஒன்று முக்கியம், மறந்துவிடாதே. சின்ன காஞ்சிபுரத்தில் பஞ்சாட்சரம் தறியில் உனக்குக் கூறைப்புடவை சொல்லிவிட்டேன், ஆசை அடங்காமல் நேற்றே போய்விட்டேன். பாவு நூல் போடுவதற்கு முன்னால் நிறம் சொல்ல வேண்டுமாம், மயில்கழுத்தா, மாம்பழமா, எதுவானாலும் இந்தக் கடிதம் கண்டதும் சொல்லு. வைகாசி கருட சேவைக் கூட்டம் கலைந்த பிறகு நாள் பார்க்கலாம் என்று இரண்டு சம்பந்திகளும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் மனம் ஒத்து, குறையில்லாமல், நீண்ட ஆயுசோடு வாழ என் மனம் நிறைந்த ஆசி.

உன் அன்பு அம்மா,
பொன்னி.

கடிதத்தை மடிக்கப் போனேன், அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து, நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜெயா, ஊருக்கு வரும்போது டிக்கெட் ரெண்டாப் போடு. ஏர்போர்ட்டுக்கு நான் வரேன். — அப்பா.