மூன்றாம் ஜன்னல்

ஜூலை 6

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மா உன் கட்டில் முழுக்கத் துணியை அடுக்கிவிட்டாள், சீக்கிரம் வந்து மீட்டுக்கொள்.

சொல்ல மறந்தேன். போன மாதம் என்னைக் கோப்புப் பிரிவிலிருந்து மூன்றாம் ஜன்னலுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். உதவித்தொகை கேட்டு வருகிறவர்களோடு தினமும் கழுத்தறுப்பு. நேற்று முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி வந்தாள். பேர் கேட்டேன், பதில் இல்லை. "இலவசம்னா கை மட்டும் நீளும், வாய் வராதா?" என்று கேட்டு ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து மேஜைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சமூகப்பணி படிக்கிறவளாயிற்றே என்று சொல்கிறேன், இரக்கம் காட்டினால் இவர்கள் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

களப்பயிற்சி எப்படிப் போகிறது? ஒரு வரி எழுதக் கூடாதா?

ஆசையுடன்,
அப்பா

ஜூலை 11

அப்பாவுக்கு,

அந்த ஒருத்தி நான்தான்.

யாருக்கு உதவப் போகிறோமோ அவர்களில் ஒருவராக ஒருநாள் வரிசையில் நிற்பது எங்கள் பயிற்சி. மாணவி என்று சொல்லக் கூடாது. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு உங்கள் அலுவலகம் விழுந்தது. நீங்கள் மாடியில் கோப்புகளோடு இருப்பீர்கள் என்று நினைத்தேன். தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கத்தான் முகத்தை மூடினேன். ஜன்னலில் உங்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. நீங்கள் ஒருமுறைகூட நிமிர்ந்து என் கண்ணைப் பார்க்கவில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து, "அவரு அப்படித்தான்மா. போகப் போகப் பழகிடும்" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வகுப்பில் எல்லாரும் நடந்ததைச் சொன்னார்கள். ஜன்னலில் யாரோ ஒருவர் என்று நான் பொய் சொன்னேன். விடுமுறைக்கு வரமாட்டேன். உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் இப்போது முடியாது.

மகள்

ஆகஸ்ட் 2

மகளுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். உனக்குப் பரீட்சை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆக, ஆளுக்கொரு பொய்.

பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லையே என்று தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் உறைத்தது, அது வேறு யாராவதாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

உன் கட்டிலில் கிடந்த துணியையெல்லாம் நானே எடுத்துவைத்துவிட்டேன்.

இப்போது யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்கிறேன். முகம் மூடியிருந்தால் குரல் தானாகத் தணிகிறது. "உடம்புக்கு எதுவும் முடியலையாய்யா?" என்று நேற்று ஒரு அம்மா கவலையோடு கேட்டார். உன் கையைப் பிடித்தவரோ என்னவோ.

ஆனால் ஒன்று. நீயாக இருக்குமோ என்ற பயத்தில்தான் இந்த மரியாதையெல்லாம் வருகிறது. அப்பா மாறிவிட்டார் என்று வகுப்பில் சொல்லிவிடாதே. ஜன்னலில் இருந்தது யார் என்பதை மட்டும் சொல்.

அப்பா