நூறு கன அடிக்கு முப்பத்தொன்பது

28 செப்டம்பர் 1987

ஏழு நாள் மறியல் முடிந்து இன்றுதான் மரவாடி திறந்தது. இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை அடைக்க வெட்டிப்போட்ட மரங்களை முதலாளி காசிநாதன் ஏலத்தில் எடுத்திருக்கிறார். எல்லாம் தூங்குமூஞ்சியும் புளியும். சங்கராபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சுப் பலகை அறுக்க வேண்டுமாம். கல்வராயன் மலை வேங்கையை அறுத்துப் பழகிய மிஷினுக்கு இந்தக் கதி.

3 அக்டோபர்

ரம்பப் பல் இரண்டு முறை உடைந்தது. மரத்துக்குள் ஆணி. எவனெவனோ போர்டு மாட்ட அடித்தது.

9 அக்டோபர்

"இன்னா மேஸ்திரி, நூறு கன அடி அறுத்தா அறுபது அடியாவது பலகையா வரணும். நாப்பதுகூட இல்ல. மீதி எந்த வூட்டுக்குப் போச்சு?"

இருபது வருடம் மிஷினில் நின்றவனைப் பார்த்து முதலாளி கேட்கிறார்! உடம்பெல்லாம் எரிந்தது. "நான் அறுக்கறவன். அளந்து அடுக்கறது சின்னதுரை. அவனக் கேளுங்க" என்றேன்.

சின்னதுரை அங்கேதான் நின்றான். என்னை ஒரு பார்வை பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். போகட்டும். எடுக்கவில்லை என்றால் நின்று சொல்வதுதானே?

10 அக்டோபர்

சின்னதுரை திருடன் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் சொன்னது அவனைக் கேளுங்கள் என்று மட்டும்தான்.

17 அக்டோபர்

ஒரு வாரமாக நானே அளந்து, நானே அறுத்து, நானே அடுக்கினேன். சாவியும் என்னிடம்தான். இன்று கூட்டிப் பார்த்தேன். நூறுக்கு முப்பத்தொன்பது.

ஐந்தடிச் சுற்றளவு வேங்கை என்றால் ஓரத்தைச் சீவினாலும் உள்ளே பலகை மிஞ்சும். இது மூன்றடிச் சுற்றளவுகூடத் தேறாத கட்டை. வளைசல் வேறு. கோடாலியால் கொத்திய முனையைச் சதுரமாக்கி, ஆணி இருக்கிற பக்கத்தை ஒதுக்கினால் பாதியும் வராது. எனக்குத் தெரியாதா இது? மரத்தைப் பார்த்ததும் சொல்கிறவன்தானே நான்! அன்றைக்கு ஏன் வாயில் வரவில்லை? முதலாளி மேல் வந்த கோபத்தை அவன் தலையில் ஏன் இறக்கினேன்? முட்டாள். முட்டாப்பய.

18 அக்டோபர்

முதலாளியிடம் சொன்னேன். "அப்படியா, சரி, அவன வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் அவருக்கு.

மணலூர்பேட்டைக்குப் போனேன். சின்னதுரை உளுந்தூர்பேட்டையில் மூட்டை தூக்கப் போயிருந்தான். அவன் மனைவி பூமாலை வாசலிலேயே நிறுத்தினாள்.

"மொதலாளி சொல்லியிருந்தா நின்னு சண்ட போட்டிருப்பாரு. நீங்க சொன்னீங்க, அதான் வந்துட்டாரு. மேஸ்திரிக்குத் தெரியாத மரமான்னு பொலம்பிக்கினே இருந்தாருங்க."

தண்ணீர்கூடத் தரவில்லை. நியாயம்தான்.

24 அக்டோபர்

டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: சின்னதுரை ஒரு சில்லுகூட எடுக்கவில்லை, மரம் தந்ததே அவ்வளவுதான், தப்பு என்னுடையது.

கடைக்கார வேடியப்பன் சிரித்தான். "உங்களுக்கு நல்ல மனசு மேஸ்திரி. திருடனைக்கூட வுட்டுக்குடுக்க மாட்டேன்றீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கத்தினேன். கத்தக் கத்த எனக்குத்தான் நல்ல பேர் ஏறிக்கொண்டே போனது.