கல் எடுத்துப் பார்த்த தண்ணீர்

நானா,

இன்று காலை பாலத்தைத் தாண்டும்போது சவர்க்கார வாசனை வந்தது. கூடவே ஈரக் கம்பளியின் வாடையும். கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறப்போகிறது. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வீட்டிலுள்ள கம்பளிகளையெல்லாம் ஆற்றுக்கு இறக்கிவிட்டார்கள். மாசி வெயிலில் அலசிக் காயப்போட்டால்தான் திருவிழாவுக்கு வீடு சுத்தமானதாக அவர்களுக்குக் கணக்கு. வழக்கம்போல ஆற்றின் குறுக்கே கல் அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும்போல இருந்தது. நீங்கள் இறந்துபோன பிறகு எனக்கு உங்கள் நினைவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அழுகையாக வருவதில்லை, வாக்குவாதமாக வருகிறது.

நீர்ப்பாசனத் திணைக்களத்துக்காரர்கள் பாலத்தின் தூணில் அந்த அளவுப் பலகையை அடித்துவிட்டுப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பலகை. தினமும் காலையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலத்தடியில் கடை இருக்கிறது, கடைக்காரர் எப்போதும் இருப்பார் என்று உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவன் நான். வட்டவளையிலிருந்து வந்து கடை போட்டு, முஸ்லிம் அண்ணன் என்று எல்லாருக்கும் 'நானா' ஆனவர் நீங்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நீங்கள் கடையைத் திறப்பீர்கள். பேக்கரிப் பாண் பெட்டியை இறக்கி வைப்பீர்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு இறங்குவீர்கள். மேலே ஏறி வரும்வரை அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவீர்கள். இடையில் யாராவது சீனி கேட்டால் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, எழுதிய பிறகுதான் தராசைத் தொடுவீர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வேலைக்குப் போனவன். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. எப்போதாவது வந்து, கம்பி நுனியில் சுழலும் ஒரு கருவியைத் தண்ணீருக்குள் பிடித்துப் பார்க்கும் அந்தத் திணைக்கள அதிகாரி மாத்தயாவிடம், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பலகை காட்டுவது உயரம் மட்டும்தான். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது உயரத்தோடு வேகமும் சேர்ந்த கணக்கு. அவர்கள் வேகத்தை முன்பே அளந்து ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். நாம் உயரத்தைச் சொன்னால் ஓட்டத்தை அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இது விளங்கிய அன்றே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண்கள் கல் அடுக்குவது பலகைக்குக் கொஞ்சம் கீழே. கீழே அடைத்தால் மேலே பலகையில் தண்ணீர் ஏறும். ஆறு வற்றிக் கிடக்கும் மாசியில்தான் கம்பளி துவைப்பார்கள். அப்படியானால் ஆறு மெலிந்து கிடக்கும் வாரங்களில்தான் நம் கணக்கு ஆற்றைக் கொழுக்கவைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

கடைக்கு வந்து கத்தினேன்.

"நானா, மேல ஆத்துல பாறையெல்லாம் காஞ்சு கெடக்கு. ஒங்க பலகையில மட்டும் எப்படித் தண்ணி ஏறிச்சு?"

"பலகை காட்டுது, நான் எழுதுறன். ஏன் ஏறினதெண்டு பலகைக்கிட்டக் கேளுங்க தலைவரே."

"பொம்பளைங்க கல்லு கட்டியிருக்காங்க. அது தேங்கின தண்ணி. கொறச்சு எழுதுங்க."

"எவ்வளவு கொறைக்க?"

நான் ஒரு சாணைக் காட்டினேன்.

"ஓங்கட சாணா, என்ட சாணா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அதன்பிறகு நான் சீனிக்கும் தேங்காய்க்கும் வட்டவளை டவுன்வரை நடந்தேன். உங்கள் கடை வாசலைக் கடக்கும்போது ரெயில் பாதைப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். நீங்களோ உள்ளிருந்து, "தலைவரே, ரெயில் இன்னும் வரல்ல" என்று குரல் கொடுப்பீர்கள்.

அடுத்த மாசியில் ஒரு நாள் ஆற்றங்கரையில் பெண்களின் கூச்சல் கேட்டு எட்டிப்பார்த்தேன். நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, அவர்கள் அடுக்கிய கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"என்னா நானா, எங்க அணையில கை வைக்கிறீங்க? கம்பளிய ஒங்க கடையில கொண்டாந்து அலசவா?"

"கொஞ்சம் பொறுங்க புள்ள. ஓடுறத ஓட விட்டுப் பார்க்கோணும். பார்த்திட்டு நானே திருப்பிக் கட்டித் தாறன்."

தேங்கியது வடிந்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை பாறைமேல் குந்தியிருந்தீர்கள். பலகையைப் பார்த்தீர்கள். பிறகு சொன்னபடியே கற்களைத் தூக்கி அடுக்கினீர்கள். அது நாலு பக்கமும் ஒழுகியது.

"கடையில நிறுக்கிற மாதிரியே கொறச்சுக் கட்டுறீங்களா? கல்ல ஒழுங்கா அடுக்குங்க நானா!" என்று ஒருத்தி கேலி செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இறங்கி வந்து, பெரிய கல்லை அடியில் கொடுத்து, இடுக்கில் புல்கட்டி அடைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

"நீங்க கட்டினா நிக்கும் தலைவரே. பிடிவாதம் பிடிச்ச கை."

நம்முடைய சமாதானம் அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு மாசியும் கல்லை எடுப்பது நீங்கள், திருப்பிக் கட்டுவது நான். நடுவில் தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து அரசியல் பேசுவோம். பேச்சில் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

ஆனால் பழைய வருஷங்களின் எண்கள் அப்படியே கிடந்தன. அவற்றையும் திருத்தி எழுதி அனுப்புங்கள், கல் இருந்த நாட்கள் எனக்குத் தெரியும் என்று எத்தனை தரம் கேட்டேன். நீங்கள் அசையவில்லை. "அண்டைக்கு நான் கண்டது அது. இண்டைக்கு நினைச்சு எழுதினா, அது நான் காணாதது" என்றீர்கள். தலைவலி தருகிற மனிதர் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தத் தலைவலி இப்போது முழுத் தோட்டத்துக்கும் வந்திருக்கிறது, நானா. மேலே ஹோட்டல் கட்டுகிறவர்கள் நம் ஆற்றின் தலைப்பிலிருந்தே குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். லயத்துக் குடிநீர்த் தொட்டிக்கும் இதே ஆறுதான். கோடையில் அதற்கே எட்டாது. ஹட்டனில் நடந்த போன கூட்டத்தில் ஓர் அதிகாரி பழைய எண்களைக் காட்டி, மாசியிலும் போதுமான தண்ணீர் இருந்திருக்கிறதே என்றார். கல் இருந்தது என்றேன். அதற்கு என்ன சாட்சி என்றார். நான்தான் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்போடு ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வழிநெடுக உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இந்த மாசியின் அளவையும் பார்த்து முடிவு சொல்வார்களாம்.

நீங்கள் போனதும் உங்கள் மகன் கடையைப் பூட்டிவிட்டு ராகலைக்குப் போய்விட்டார். பலகையை இப்போது நான்தான் பார்க்கிறேன். இம்முறை யாரும் என்னைக் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நானே திணைக்களத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை கல்லை எடுத்தேன். என் முதுகு இப்போது பெரிய கல்லுக்கு வளைவதில்லை. கம்பளி அலச வந்த ஜெயா கை கொடுத்தாள். உங்களுக்கு அவளை அவள் அம்மாவின் பெயர் சொன்னால்தான் தெரியும், அந்தத் 'தராசை நேரே பிடிங்க நானா' மாரியாயியின் மகள். தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை காத்திருந்தோம். வந்தது. பார்த்தால், உயர்ந்து நிற்கிறது! இந்த வருஷம் தையிலும் மழை விடவில்லை, உங்களுக்குத் தெரியாது. கல்லே இல்லாமல், நிஜமாகவே ஓடுகிற தண்ணீர். வேறெந்த வருஷமாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். இந்த வருஷம் இந்த எண் ஹோட்டல்காரர்களுக்குத்தான் சாதகம்.

ஜெயா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் விஷயம் தெரியும். தொட்டியில் தண்ணீர் வராமல் போனால் முதலில் குடத்தோடு நடக்கப்போகிறவள் அவள்தான்.

"தாத்தா, ரெண்டு வெரக்கட கொறச்சு எழுதுங்க. கடக்கார நானாதான் இல்லியே, யாரு வந்து பாக்கப்போறா?"

"அவரு இருந்திருந்தா நானே சண்ட புடிச்சு கொறைக்கச் சொல்லியிருப்பேன்."

"இப்ப சண்டைக்கே ஆளில்ல. எழுதுங்க."

அவள் சொல்வதில் தப்பில்லை. எழுத உட்கார்ந்தேன். இரண்டு விரற்கடை குறைத்தால் என் பக்கத்து நியாயம் ஒன்றும் பொய்யாகிவிடாது, மற்ற வருஷங்களில் ஆறு அதைவிடக் கீழேதான் கிடந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் பலகை காட்டியதையே எழுதினேன். ஜெயா கம்பளியை உதறிய உதறலில் என்மேல் தண்ணீர் தெறித்தது. வேண்டுமென்றேதான் உதறினாள். அணையைத் திருப்பிக் கட்டும்போது பெரிய கல்லை மட்டும் முறைத்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் நுவரெலியாவில் கூட்டம். இந்த எண்ணையும் கொண்டுதான் போகிறேன். மழை பெய்த மாசியில் இவ்வளவு, பெய்யாத மாசிகளில் இவ்வளவுதான், இரண்டும் ஒரே மாதிரி கல் எடுத்துப் பார்த்தது என்று சொல்வேன். உயர்ந்ததையும் மறைக்காமல் கொண்டு வந்திருக்கிறானே என்று ஒருவராவது யோசிக்கலாம். யோசிக்காமலும் போகலாம். அப்போது கத்துவேன், அது எனக்கு வரும்.

பழைய எண்களை நீங்கள் திருத்தியிருக்க வேண்டும். இதில் நான் மாறவில்லை, சாகும்வரை மாறப்போவதுமில்லை. ஆனால் காணாததை எழுத எனக்கும் வரமாட்டேன் என்கிறது, நானா. நீங்கள் எனக்கு வைத்துவிட்டுப் போன வம்பு இது. இதைத் தூக்கிக்கொண்டுதான் நுவரெலியாவுக்கு பஸ் ஏறப்போகிறேன்.