அனுப்பியாச்சு

மார்ச் 3, செவ்வாய்

குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். அந்த எரிச்சலோடு ஆபீஸில் உட்கார்ந்தால், ரத்த வங்கி நர்ஸ் போனில்.

“நேத்து மத்தியானம் ரத்தம் கேட்டுப் போட்டேன்மா. அனுப்பியாச்சுன்னு பச்சையா காட்டுச்சு. ஒருத்தர்கூட வரல. பிரசவ கேஸ். வேற ஆஸ்பத்திரியிலேர்ந்து வரவழைச்சோம். தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. அதுல உங்க பங்கு ஒண்ணுமில்ல.”

கொடையாளர்களுக்குச் செய்தி அனுப்பும் அந்த நிரலை எழுதியது நான்தான்.

மார்ச் 4

முன்னூற்று நாற்பது பேருக்குப் போக வேண்டியது அறுபத்திரண்டோடு நின்றிருக்கிறது. பிழை என்று ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. எப்படி?

மார்ச் 5

பிடித்துவிட்டேன்!

கோரிக்கை வந்ததும் பின்னணியில் ஒரு த்ரெட்டை, அதாவது நிரலுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு கிளையை, கிளப்பிவிட்டு, உடனே “அனுப்பியாச்சு” என்று பதில் சொல்ல வைத்திருந்தேன். என்ன வேகம் என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் எங்கள் சர்வர்கள் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதவை. வேலை குறைந்தால் ஒன்றிரண்டு சர்வர் தானாகவே நின்றுவிடும். உள்ளே ஒரு த்ரெட் பாதி வேலையில் இருக்கிறதே என்று யார் பார்ப்பது? அதுவும் சேர்ந்து போச்சு, மிச்சப் பேரின் பட்டியலும் போச்சு.

சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். “ஆரம்பிச்சதுமே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டியா? சின்ன வயசுல வீட்டுப்பாடத்துக்கும் இப்படித்தானேடி சொல்லுவ!” என்று சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து.

மார்ச் 6

கூட்டத்தில் எழுந்து, “தப்பு என்னுதுதான்” என்றேன். மேனேஜர், “சரி, எத்தனை நாள்?” என்று மட்டும் கேட்டார். “மூணு” — வாய் முந்திக்கொண்டது. ஐயோ.

மார்ச் 9

இப்போது கோரிக்கை வந்ததும் முதலில் எல்லாப் பெயரும் டேட்டாபேஸில் வரிசையாக ஏறும். அனுப்புவதற்கென்றே தனி புரோகிராம். ஒவ்வொரு பெயராக எடுத்து, அனுப்பி, குறித்து வைக்கும். அது நின்றாலும் இன்னொன்று விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசிப் பெயர் முடிந்தால்தான் “அனுப்பியாச்சு”.

நான் ‘சொடுக்கு’ என்று கூப்பிடும் ஆள் சோதிக்க வந்தார். பக்கத்து இருக்கைக்காரர், பத்து விரலையும் சொடுக்காமல் கீபோர்டைத் தொடமாட்டார். “நான் கொல்றேன், நீ எண்ணு” என்று சர்வரை மூன்று தடவை நடுவில் நிறுத்தினார். போன சோதனைச் செய்திகளை எண்ணினேன். முன்னூற்று நாற்பத்தொன்று!

“ஒண்ணு எப்படிக் கூடுச்சு?”

அனுப்பிய பிறகு, குறிப்பதற்கு முன் செத்திருக்கிறது. ஒருவருக்கு இரண்டு தடவை. “போகாம இருக்கறதுக்கு ரெண்டு தடவ போறது மேல்” என்றார். நான் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினேன்.

மார்ச் 10

புது நிரலை நிஜ சர்வரில் ஏற்றியாச்சு.

மார்ச் 12

நர்ஸ் போன். “ஏம்மா, போதும்மா! பத்தொன்பது பேர் வந்து நிக்கிறாங்க, உட்கார நாற்காலி இல்ல!” திட்டுவதுபோலத்தான் சொன்னார். எவ்வளவு இனிப்பான திட்டு!

மார்ச் 27, வெள்ளி

போன வாரம் என் போன் எண்ணையும் பட்டியலில் சேர்த்திருந்தேன். இன்று காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது, எனக்கு! ஓட்டமாகப் போனேன். வரிசையில் நான்காவது ஆள்.

என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே நர்ஸ், “என்ன வேலை பாக்கறீங்க?” என்றார். குரலிலேயே அவர் யாரென்று தெரிந்துவிட்டது.

“இந்த மெசேஜ் அனுப்பற வேலைங்க.”

நிமிர்ந்து பார்த்தார். கட்டிய பட்டையை விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு நீதானா? அன்னிக்கி ரொம்பப் பேசிட்டேம்மா…”

இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“என்னம்மா இது, ஊசியே இன்னும் குத்தல. அதுக்குள்ள அழுதா எப்படி?”