ஆறாம் நம்பர் ஷூ

அன்புள்ள சிட்டுவுக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் வலது காலைத் தவிர நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கால் விஷயம் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று முழிக்காதே, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போனில் உளறிவிட்டார். போன தடவை அந்த இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் நூற்றிருபதிலேயே நீ இறங்கியது களைப்பால் இல்லையாம், விரல்கள் மரத்துப்போய், கால் பெடல் மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனதால்தானாம். இந்தத் தடவை ஓட்டத்திலிருந்து பேரையே எடுத்துவிடப் போகிறாயாம். வேறு ஷூ வாங்கினால் என்ன என்று கேட்டேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் அத்தை. அம்மா பாத்து அனுப்பினது, அம்மாவுக்குத் தெரியாத காலாங்கறா" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கிண்டிக் கிளறிக் கேட்டேன்.

செருப்புக் கடையில் இருபத்தாறு வருடமாகக் கால் அளக்கும் பலகையோடு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பெற்றவள் யார் வந்தாலும், பழைய நம்பரைச் சொல்லாதீர்கள், பிரசவத்துக்குப் பிறகு பாதம் நீளும், அகலும், எழுந்து நில்லுங்கள் அளக்கிறேன் என்று வாய் ஓயாமல் சொல்கிறவள் நான். அப்படிப்பட்டவள், குட்டி பிறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு உனக்கு அனுப்பிய ஷூவுக்கு, கல்யாணத்துக்கு முன் நீ போட்ட ஆறாம் நம்பர் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். ஊரார் காலையெல்லாம் தொட்டு அளந்துவிட்டு என் பெண்ணின் காலுக்கு ஞாபகத்திலிருந்து வாங்கினேன். தப்பு என்னுடையது. எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாட்டிக்கொண்டாயே, அது உன் தப்பு, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

பேரை எடுக்காதே. ஆறு வாரம் இருக்கிறது, போதும். எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் சைக்கிள் ரிப்பேர்காரரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன். ஒரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி என்னையே ஏறி மிதிக்க வைத்துத்தான் விளக்கினார், தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா அதைக் கேட்டுவிட்டு ஓட்டத்தில் என் பேரையும் சேர்க்கச் சொன்னார். ரிப்பேர்காரர் சொன்னது இதுதான். ஓட்ட ஓட்டக் கால் வீங்கும், அதனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஷூ பட்டையைக் கொஞ்சம் தளர்த்து. ஷூவுக்கு அடியில் பெடலைக் கவ்வுகிற துண்டு விரல் பக்கம் தள்ளி இருந்தால் பாரமெல்லாம் அங்கேயே விழுமாம், அதைக் குதிகால் பக்கம் கொஞ்சம் நகர்த்தி முடுக்கச் சொல். கனமான கியரில் முட்டி மோதாதே, லேசான கியரில் வேகமாகச் சுற்று. இனி என் பங்குக்கு நானும் சொல்கிறேன், குளிருகிறது என்று இரண்டு சாக்ஸ் போடுகிறாயாமே, இடமே இல்லாத ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் இரத்தம் எந்த வழியாக ஓடும்? அவ்வப்போது விரல்களை மடக்கி நீட்டு, மரத்துப்போனால் இறங்கி நாலு அடி நட, அது ஒன்றும் தோல்வி இல்லை. சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரமரப்பு போகவில்லை என்றால் டாக்டரைப் பார், அதில் வீராப்பு வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மூலையில் கிடக்கும் தூசியெல்லாம் தெரிகிறதாம், காலையிலிருந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். குட்டிக்கு நீ வாங்கும் செருப்பையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார், என்னைப் போல இருக்காதே.

புது ஷூ நான் அனுப்பமாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கடைக்குப் போய், ஓட்டும்போது போடும் சாக்ஸோடு இரண்டு காலிலும் மாட்டி நின்று பார்த்து நீயே வாங்கு. விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும், பக்கவாட்டில் கவ்வக் கூடாது. விற்பவர் நம்பர் என்ன என்று கேட்டால் தெரியாது, அளந்து பாருங்கள் என்று சொல்.

கவருக்குள் இரண்டு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அவற்றின் மேல் வெறுங்காலோடு நில், மாப்பிள்ளையைப் பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரையச் சொல், குட்டி நடுவில் கிறுக்கினாலும் பரவாயில்லை. ஷூ வாங்குவதற்கு அல்ல. அம்மாவுக்குத் தெரியாத காலா என்று கேட்டாயாமே, ஆமாம் சிட்டு, இப்போது தெரியாது. எனக்குத் தெரிய வேண்டும்.

இருநூறும் முடித்து, கால் விரல் பத்தும் உணர்வோடு வீடு வந்து சேர என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, குட்டிக்கு முத்தம். தாள்களை மறக்காமல் உடனே தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் காலை மறுபடி அளக்கக் காத்திருக்கும்
அம்மா