கிணற்றுத் தண்ணீர்

3.6.2025
காருக்குக் கீழே இன்றும் ஈரம். ரேடியேற்றர் குழாயின் கிளிப்பை இறுக்கினேன். ஈச்சிலம்பற்றில் என் மனுசி பூரணியின் அக்கா படுக்கையில். தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாவாம். பூரணிக்கு முழங்கால் மடங்காது, பஸ் படி ஏற ஏலாது. ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டேன்.

5.6
இன்னும் ஒழுகுகிறது. கராஜுக்குக் கொண்டுபோக மாட்டேன். என் நல்ல பம்பைக் கழற்றிப் பழசைப் பூட்டி அனுப்பினவர்கள். அன்றிலிருந்து இந்த எஞ்சினில் என் கை மட்டும்தான்.

6.6
ரேடியேற்றருக்குள் இரண்டு கரண்டி மஞ்சள் தூள் போட்டேன். ஒழுக்கு நின்றது! பக்கத்து வீட்டு வான்காரர் ஆதம்பாவா மதிலால் எட்டிப் பார்த்தார். "உப்புக் கிணத்துத் தண்ணி, மஞ்சள். இனித் தேங்காய்ப்பால் விட்டா கறிதான், அண்ணன்." கடையில் விற்கிற பச்சைக் கலர் கூலன்ற்தான் விட வேண்டுமாம். இந்தக் கிணற்றைக் குடித்துத்தானே நானும் இருக்கிறேன்.

8.6
கிண்ணியாப் பாலத்துக்கு முன்னமே கொதித்துவிட்டது. ஒரே ஆவி. ஆதம்பாவாவின் வான் கட்டி இழுத்து வந்தது. அதிலேயே அப்படியே போவோம் என்றாள் பூரணி. வீட்டில கார் நிக்க வாடகை வானோ எண்டு கேட்டன்.
"அக்கா கேட்டது காரையில்லை. என்னை."

9.6
ரேடியேற்றரைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள் சேறாய் இறுகிக் கிடக்கிறது. கம்பியால் குத்திக் கழுவினேன். உள்ளே வந்தபோது பூரணி படுத்துவிட்டாள். சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது.

12.6
பூட்டியாயிற்று. நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் தண்ணீர் குறைகிறது. எங்கே போகிறது?

13.6
எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தேன். வெள்ளை. எஞ்சினுக்குள் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன. இரண்டையும் பிரித்து வைக்கிற ஹெட் கஸ்கெற் போய்விட்டது. ஆதம்பாவா சொன்ன தேங்காய்ப்பால். அவருக்குச் சொல்லவில்லை. பூரணிக்கும்தான். ரெண்டு நாள் பொறு எண்டு மட்டும் சொன்னனான்.

14.6
விடிய போன் வந்தது. அக்கா போயிட்டா.
பூரணி அழவில்லை. தானே மதிலடிக்குப் போய் ஆதம்பாவாவைக் கூப்பிட்டாள். வானில் இடம் இருந்தது. ஏறுங்கோ எண்டு அவள் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. ஏன் கேக்க வேணும்? ஒரு கிழமை தந்திருந்தா கொண்டுபோய் விட்டிருப்பனே — ஒரு கிழமைதானே.

15.6
எஞ்சினின் மேல்மூடி ஹெட்டைத் திறந்தேன். கிணற்று உப்பு அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. விரல் நுழையும் ஓட்டை.

2.7
அவள் அங்கேதான். அக்காவின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியட்டும் என்று ஆள் மூலம் சொல்லியிருக்கிறாள்.

16.7
பூரணி நேற்று வந்துவிட்டாள். கொழும்பிலிருந்து பழைய ஹெட் ஒன்று வந்திருக்கிறது. இன்று பூட்ட இருந்தேன். வெளியே வந்து பார்த்தால், எஞ்சினை மூடும் பொனற்றின் மேல் சாக்கு விரித்து மிளகாய் காய விட்டிருக்கிறாள்.
சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பொனற்றைத் திறக்கவில்லை.